கிழியாத தகடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும், அப்பா கட்டி முடித்து மேசைமேல் வைத்த, சிரித்துக்கொண்டிருக்கும் பல்செட்டுகளும் நலம். அங்கே நீயும் உன் குண்டனும் நலமாக இருக்க வேண்டும். ஒரு ரியாக்டருக்கு நலம் விசாரிக்கிற வீடு நம் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் உறையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். கிணுக்கென்று சத்தம். பூ வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இந்தத் தடவை நான்கு இதழும் ஒரே அளவாக விரிந்திருக்கின்றன. போன தடவை வந்ததில் ஓர் இதழ் பாதியிலேயே நின்றுவிட்டது, நினைவிருக்கிறதா? எல்லாப் பூக்களையும் என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

என் வகுப்புத் தோழி வந்தபோது, வெள்ளிப் பூவா என்று கேட்டாள். நீ எனக்கு எழுதியதை அவளுக்கு அப்படியே ஒப்பித்தேன். இது பூ இல்லை, காவல் தகடு. குண்டன் மாதிரி அழுத்தக் கலனின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் அளவு மீறினால், கலன் வெடிப்பதற்கு முன்னால் இது இப்படி இதழ் இதழாகக் கிழிந்து ஆவியைக் குழாய் வழியாக வெளியே அனுப்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு வால் இருக்கிறது பார், அதில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தம் வந்தால் நான் கிழிந்தே தீருவேன் என்று தகடு கொடுக்கும் வாக்கு அது. 'எனக்குப் பதிலாக அது கிழிகிறது' என்று நீ எழுதியிருந்த வரியையும் சொன்னேன்.

அவள் வரிசையைப் பார்த்துவிட்டு, 'அப்ப உங்கம்மாவுக்கு இத்தனை தடவை ஆபத்து வந்திருக்கா?' என்று கேட்டாள். நான் அதை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு இத்தனை பூ வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய முனைவர் பட்ட விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். கதைப் புத்தகம் படிக்கிற வயசில் இதையா படிக்கிறே என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அது கதை மாதிரிதான் இருக்கிறது அம்மா. ராஜகுமாரன் ஒரு கடலைத் தாண்டினால் அடுத்த கடல் தெரியுமே, அப்படி. முதலில் பாடங்கள். வெப்பம் எப்படிப் பரவுகிறது, திரவம் எப்படி ஓடுகிறது, வினை எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். பிறகு தகுதித் தேர்வு. அதை நீ காய்ச்சலோடு எழுதினாய். பிறகு ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன்னால் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நடுவில் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பும் எடுக்க வேண்டும். இவ்வளவையும் நீ தாண்டிவிட்டாய். இனி ஆய்விதழில் இரண்டாவது கட்டுரை வர வேண்டும். அது வந்தால்தான் ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு, வெளி நிபுணர்கள், கடைசியில் வாய்மொழித் தேர்வு.

ஒரு விதியைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. 'வாய்மொழித் தேர்வுக்கு மாணவர் நேரில் வந்தாக வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு எவரும் வர இயலாது.' வேறு யார் வருவார்கள்? அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'நான் போறேன். நல்ல பல்செட்டா ஒண்ணு மாட்டிக்கிட்டுச் சிரிச்சுட்டு வந்துடறேன். பட்டம் நிச்சயம்' என்றார்.

இன்னொரு விதிக்குச் சிரிப்பு வரவில்லை. கால நீட்டிப்பு ஒருமுறைதானாம். உனக்கு அது இந்த ஆண்டோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் 'பதிவு தானாக நீங்கிவிடும்' என்று போட்டிருக்கிறது. அந்தத் 'தானாக' என்ற சொல்லை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையைப் படித்த முகம் தெரியாத மதிப்பீட்டாளர், இன்னும் அதிக வெப்பத்தில் செய்து காட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வெப்பத்துக்கு ஏற்றும்போதெல்லாம் தகடு கிழிந்துவிடுகிறது, நீ ரன் என்று சொல்கிற சோதனை ஓட்டம் பாதியில் வீணாகிறது, உன் கைடு கோபப்படுகிறார். அவரைப் பெரியவர் என்றுதானே எல்லாரும் சொல்கிறீர்கள்? பெரிய மனிதர் பேசுகிற பேச்சா அது? 'ஆராய்ச்சி பண்ண வந்தியா, பூப் பறிக்க வந்தியா?' என்று கேட்டாராமே. நீ அதை வேடிக்கையாக எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

பழைய பிளாஸ்டிக்கை வெந்நீரில் வேகவைத்து மறுபடி எண்ணெயாக்கும் என் அம்மாவுக்கு எல்லாக் கடலும் வற்றி வழிவிடட்டும்.

இப்படிக்கு,
உன் பூக்களைத் தூசி தட்டி வைக்கும்
மகள்

---

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பஞ்சு சுற்றி அனுப்பியிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தேன். ஒரு தாளும் ஒரு போட்டோவும்தான் இருந்தன. 'புத்தகப்புழு, இனிமேல் பூ வராது. இயந்திரப் பட்டறையில் தடித்த தகட்டில் ஒரு வில்லை வெட்டி, காவல் தகட்டுக்குப் பதிலாக மாட்டிவிட்டோம். இப்போது எந்த வெப்பத்துக்கும் குண்டன் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கட்டுரை முடிந்த மாதிரிதான்' என்று எழுதியிருந்தாய்.

முதலில் துள்ளிக் குதித்தேன். அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். அப்புறம் அலமாரிப் பக்கம் போனபோது பூக்களின் வால்கள் கண்ணில் பட்டன. எல்லாவற்றிலும் அதே எண். அம்மா, புதுத் தகட்டில் என்ன எண் போட்டிருக்கிறது? பட்டறையில் வெட்டியது என்றால் அதற்கு வால் இருக்காதே. எந்த அழுத்தத்தில் கிழியும் என்று அது யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது?

நான் உனக்குப் பாடம் நடத்துகிறேன் என்று நினைக்காதே. எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். காவல் தகட்டில் கை வைப்பது, தூங்குகிற காவல்காரனைக் கட்டிப்போடுவதைவிட மோசம், ஏனென்றால் இந்தக் காவல்காரன் தூங்குவதே இல்லை என்று இளநிலை மாணவர்களுக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பையன்கள் கைதட்டினார்களாம். உன் கையெழுத்துதான்.

போட்டோவைப் பற்றியும் கேட்க வேண்டும். குண்டன் பக்கத்தில் நின்று சிரிக்கிறாய். வெள்ளைக் கோட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் உன் இடது புருவம் எங்கே? அழகு நிலையத்தில் தப்பாக எடுத்துவிட்டார்கள் என்று பின்னால் எழுதியிருக்கிறாய். நீ எப்போது அழகு நிலையத்துக்குப் போனாய்? எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கே பவுடர் போடாமல் வந்தவள் நீ.

இன்னொன்று. போன வருஷப் போட்டோவில் உன் பின்னால் சன்னல் தெரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இப்போது அதே சன்னலில் அட்டை ஒட்டியிருக்கிறது. தொட்டியைக் காணோம். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் ஆய்வக நண்பர், நீ சோடாபுட்டி என்று கூப்பிடுகிற அந்த மாமா, தன் மேசையைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் போட்டுக்கொண்டாராம். 'பயந்தாங்கொள்ளி, கொசுக்கடியில உக்காந்து படிக்குது' என்று கிண்டல் செய்திருக்கிறாய். ஒருவர் கொசுக்கடி பரவாயில்லை என்று போகிறார் என்றால், அதைவிடப் பெரியதாக எதையோ பார்த்துவிட்டுத்தானே போகிறார்?

நான் இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவரே போட்டோவை எடுத்துக்கொண்டு போய், பல் இடுக்கு பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று பார்த்தேன். அப்புறம் போட்டோவைத் திருப்பித் தந்துவிட்டு, 'டாக்டரம்மா இளைச்சுட்டா' என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ஒருவருக்குக் கட்டிய பல்செட்டில் முன்பல்லை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டார். அவர் கை ஒருநாளும் அப்படித் தவறியதில்லை.

உனக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நீ கிளம்பிய அன்று நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை எனக்கும் தெரியும். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். 'உங்களுக்கு நான் படிக்கறது பிடிக்கல. ஏதாவது சாக்கு சொல்லிப் பாதியில திரும்பி வரச் சொல்லுவீங்க' என்று நீ சொன்னாய். 'சத்தியமா ஒருநாளும் வான்னு கூப்பிட மாட்டேன், போதுமா?' என்று அவர் சொன்னார். அந்தச் சத்தியத்தை அவர் இத்தனை வருஷமாகக் காப்பாற்றுகிறார். நீ இல்லாத வீட்டில் ஒருதடவைகூட உன்னை வா என்று சொன்னதில்லை. இப்போது ஏதாவது சொன்னால், பார்த்தியா ஆரம்பிச்சுட்டார் என்றுதான் நீ நினைப்பாயாம்.

அதனால் நான் கேட்கிறேன். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சரியான தகடு வரும்வரை காத்திருக்கக் கூடாதா? வெளியூரிலிருந்து வர நாளாகும் என்றால் ஆகட்டும். தகட்டின் எண் என்ன என்பதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நீ தொடுகிற இரும்பெல்லாம் குளிர்ந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
மகள்

---

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அப்பா பையில் துணி அடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்புவதற்குள் நான் இதை எழுதி முடிக்க வேண்டும்.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. போன் செய்தால் எல்லாம் நல்லா இருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால் இன்று பள்ளியிலிருந்து வந்ததும், விதிப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் துறை அலுவலக எண்ணுக்கு நானே போன் செய்தேன். ஓர் அலுவலர் எடுத்தார். உன் மகள் என்று சொன்னதும் 'அட, டாக்டரம்மா பொண்ணா?' என்று சிரித்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் உன் கைடு பெரியவருக்கே இணைப்பு கொடுத்துவிட்டார்.

அவர் நான் நினைத்த மாதிரி இல்லை அம்மா. ரொம்ப அன்பாகப் பேசினார். என்ன படிக்கிறேன் என்று கேட்டார். 'உங்கம்மா மாதிரி உழைப்பாளிய நான் பாத்ததில்ல. இன்னும் ஒரே ஒரு படம்தாம்மா பாக்கி, வரைபடத்துல ஒரே ஒரு புள்ளி. அதை வெச்சுட்டா அவங்க டாக்டர்' என்றார். நான் நன்றி சொன்னேன். அப்புறம், காவல் தகட்டில் என்ன எண் போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, 'இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது?' என்று கேட்டார். அந்தக் குரல் அதே குரல்தான், ஆனால் அதில் இருந்த அன்பை யாரோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. 'சரி, அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்' என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய். நீ பேசியதை மறுபடி எழுத வேண்டியதில்லை, ஆனால் நீ சொன்னது உனக்கே எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். 'உன்னை யாருடி அவர்கிட்டப் பேசச் சொன்னது? பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிஞ்சா ஆய்வகத்தையே பூட்டிடுவாங்க. இத்தனை வருஷமும் தண்ணியில போன மாதிரி' என்றாய். புருவம் எப்படிப் போனது என்று கேட்டேன். 'மூடி ஓரத்துல கொஞ்சம் மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான்' என்றாய். சன்னலும் அதே மூச்சில்தானா என்று கேட்டேன். நீ பேச்சை மாற்றினாய். 'அடுத்த வாரம்னு வெச்சிருந்தேன். இப்ப நாளைக்குக் காலையிலயே சூடு ஏத்தி முடிச்சுடறேன். புள்ளி கையில வந்துட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது' என்றாய்.

நான் உன்னை நிறுத்தத்தான் போன் செய்தேன். அது உன்னை அவசரப்படுத்திவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். உன் போன் அணைந்திருக்கிறது. அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புருவம், சன்னல், கொசுக்கடி, வால் இல்லாத தகடு, பெரியவர் மௌனம், எல்லாம். அவர் கையில் பல்செட் அச்சுக்குக் குழைத்த ஈரச் சாந்து அப்பியிருந்தது. கழுவாமலே கேட்டார். கேட்டு முடித்தபோது அது காய்ந்து வெடித்திருந்தது. முன்னொரு தடவை என் தோழி, உங்கம்மா டாக்டரானா ஊசி போடுவாங்களா என்று கேட்டதற்கு அப்பா விளையாட்டாக, 'இந்தப் படிப்பு ஊசி போடாதும்மா, உசிரை வாங்கும்' என்று சொல்லியிருந்தார். இப்போது கை கழுவிக்கொண்டே, 'வாய்ல நல்ல வார்த்தையே வராதா எனக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம் பையை எடுத்துவிட்டார். இன்றைக்கு ஒருவர் பல்செட் வாங்க வர வேண்டும். வந்தால் என்ன சொல்வது என்று கேட்டேன். 'ஒரு நாளைக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லு' என்றார்.

நான் அத்தை வீட்டில் இருப்பேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

ரயிலில் போகிறார். உன்னிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். 'நான் வாயைத் திறந்தா சண்டையாயிடும். சத்தியம் வேற பண்ணித் தொலைச்சிருக்கேன். நீ எழுதிக் குடு. நான் கொண்டுபோய் அவ கையில குடுக்கறேன், அவ்வளவுதான்' என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லை.

உறையைக் குலுக்கினால் சத்தம் வரும். நீ எனக்கு அனுப்பிய முதல் பூவை வைத்திருக்கிறேன். கிழிந்த தகட்டை மறுபடி மாட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். மாட்டுவதற்காக அனுப்பவில்லை. அது ஒருமுறை உனக்குப் பதிலாகக் கிழிந்திருக்கிறது. பட்டறையில் வெட்டிய அந்த வில்லை யாருக்குப் பதிலாகவும் கிழியப் போவதில்லை. குண்டன் ஆறியதும் அதைக் கழற்றி, இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார், போதும். உன் மாணவர்களுக்கு நீ சொன்னது உனக்கே ஞாபகம் வரும்.

விதிப் புத்தகத்தை இன்று மறுபடி புரட்டினேன். பாடங்கள் இருக்கின்றன, தேர்வுகள் இருக்கின்றன, கட்டுரைகள் இருக்கின்றன. வால் இல்லாத தகட்டோடு ரன் ஓட்ட வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பதிவு தானாக நீங்கினால் நீங்கட்டும் அம்மா. வகுப்பில் எல்லாரிடமும் என் அம்மா டாக்டராகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இல்லை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன். அது எனக்குக் கஷ்டமே இல்லை. கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் செய்வேன்.

ரயில் அங்கே காலையில் சேரும். நீ சூடேற்றத் தொடங்குவதும் காலையில்தான். எது முந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வரியை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அப்பா முந்திவிட்டார்.

அப்படியானால் நிமிர்ந்து பார். எதிரே நிற்கிறவர் ஒரு வார்த்தையும் பேச மாட்டார். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு பையும் கையுமாக நிற்பார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். குண்டனை அணைத்துவிடு. அது ஆறுகிறவரை அந்த அறையில் இருக்காதே. அவரோடு வெளியே வந்து, சன்னலில் மறைந்துபோன அந்தத் தண்ணீர்த் தொட்டி வரை நட.

என்மேல் கோபமாக இருப்பாய். இரு. போனில் திட்டினால் நான் கேட்க மாட்டேன், எழுதித் திட்டினால் படிக்க மாட்டேன். நேரில் வந்து திட்டு. உனக்குப் பதிலாக வேறு எவரும் வர இயலாது.

உன்
மகள்